நோன்பு மாதத்தில் நீளம் தாண்டும் பிள்ளைகளுக்கு

ரமலான் பிறை பார்த்ததும் மதுரை காஜிமார் தெரு, மகபூப்பாளையம் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஒரு மாசம் விட்டுப்போனா ஓட்டம் கெட்டுப்போகாதா சார்?" கெடாது. நோன்போடு முழு வேக ஓட்டம் வேண்டாம். சஹர் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) முடிந்து ஏறக்குறைய 13 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காத உடம்பு அது. ஆனால் தாண்டுதலை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கலாம். 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ரமலானில் இப்படிப் பழகிய இளம் டென்னிஸ் வீரர்களின் சர்வீஸ் மேம்பட்டிருந்தது.

தம்பி, மெடல் வாங்குவதாகக் கனவு காண்பது இதில் சேராது. அஸர் (பிற்பகல்) தொழுகை முடித்து ரேஸ்கோர்ஸ் திடலுக்கு வா. ஸ்பைக்ஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு, நீ வழக்கமாக ஓடத் தொடங்கும் இடத்திலேயே நில். படுத்துக்கொண்டு செய்தால் தூங்கிவிடுவாய். கண்ணை மூடு. டிவியில் உன்னைப் பார்ப்பதுபோல வேண்டாம். உன் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதுதான் தெரிய வேண்டும். டிராக்கின் சூடு, எதிர்க்காற்று, நெஞ்சுப் படபடப்பு எல்லாம் இருக்கட்டும். கடைசிக்கு முந்தைய அடி சற்று நீளம், இடுப்பு லேசாகத் தாழும். கடைசி அடி குட்டை. பாதம் முழுசாக, எகிறும் இடத்தில் பதித்திருக்கும் பலகையில் அறைய வேண்டும். அந்தப் பலகை 20 செ.மீ. அகலம்தான். ஆனாலும் அதைக் குனிந்து தேடாதே, பார்வை நேராக இருக்கட்டும்.

நேரம்தான் உயிர். நோன்பு தொடங்குவதற்கு முன்பே, நிஜமாக ஓடி, முதல் அடியிலிருந்து பலகை வரை எத்தனை நொடி என்று கூட்டாளியை ஸ்டாப்வாட்ச்சில் எடுக்கச் சொல். மனதில் ஓடும்போது நீயே அதை அழுத்து. சீக்கிரம் முடிந்தால் அடிகளை விழுங்கியிருக்கிறாய். இழுத்தால் கவனம் சிதறியிருக்கிறது. மனதிலும் ஃபவுல் விழும், அதாவது கால் பலகையைத் தாண்டிப் பதியும். விழுந்தால் அப்படியே விடாதே, திரும்ப முதல் அடியிலிருந்து ஓடு. ஐந்தாறு தாண்டல், நடுவே ஒரு நிமிட ஓய்வு. அதற்குமேல் வேண்டாம், வெறும் வயிற்றில் கவனம் நிற்காது.

நோன்பு திறந்து, பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சியும் செரித்த பிறகு, தராவீஹ் என்னும் இரவுத் தொழுகைக்குப் போகும் நேரத்தையும் கணக்கில் வைத்து, சில குறுகிய ஓட்டத் தாண்டல்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தடவை மனதில் ஓட்டு.

தலை சுற்றினால் உடனே உட்கார், என்னிடமோ அத்தாவிடமோ சொல். மறைக்காதே. உடம்புக்கு முடியாதவர் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு நோற்க மார்க்கத்தில் இடமுண்டு. பருவமடையாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமையே இல்லை.

பெருநாள் கழிந்து முழு ஓட்டம் ஓடும்போது உன் அடி சற்றுக் குறுகியிருக்கலாம். பலகையை எட்ட அடியை இழுக்காதே. தொடங்கும் குறியைப் பலகைப் பக்கம் நகர்த்தி வை.