இலவசம் என்றால் யாருக்கு இலவசம்? செயலி உருவாக்குவோர் தவிர்க்க வேண்டிய உரிமத் தவறுகள்

மொரிஷியஸின் கத்ர் போர்ன் நகரில் கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு தம்பி எழுத்துப் பயிற்சிச் செயலி ஒன்றைச் செய்திருந்தான். ஒரு சனிக்கிழமை மாலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "அண்ணா, கூகுளுக்குப் பணம் கட்டிவிட்டேன், ஆப்பிளுக்கு நாளை கட்டப் போகிறேன். மற்றதெல்லாம் இலவசம்தான்" என்றான். அந்த "மற்றதெல்லாம்" என்னை உறுத்தியது. செயலி செய்ய அவன் பயன்படுத்திய கருவிகளை, அவற்றின் உரிமங்களோடு ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க உட்கார்ந்தோம்.

தமிழில் நமக்கு இரண்டு நல்ல சொற்கள் இருக்கின்றன: இலவசம், கட்டற்றது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் தவறு. செயலி கட்டும் கருவிகளான ஃபிளட்டர் பி.எஸ்.டி. உரிமத்தில் வருகிறது, ரியாக்ட் நேட்டிவ் எம்.ஐ.டி. உரிமத்தில் வருகிறது. இவற்றைக் கொண்டு செய்ததை விற்கலாம், மூல நிரலையே மாற்றலாம். உரிம வாசகத்தைக் கூடவே வைத்தால் போதும். இவை கட்டற்றவை. ஐபோன் செயலி செய்ய ஆப்பிள் தரும் எக்ஸ்கோடுக்கும் காசு இல்லை. ஆனால் அது மேக் கணினியில் மட்டுமே ஓடும், ஆப்பிள் சொல்லும் நிபந்தனைகளுக்குள்தான் அதைப் பயன்படுத்த முடியும். அது இலவசம், அவ்வளவுதான்.

இங்கே எபேன் பகுதியின் கணினி நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் வேறு. நிரல் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் விஷுவல் ஸ்டூடியோவின் இலவசமான கம்யூனிட்டி பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தனி ஆள் அதில் செயலி செய்து விற்கலாம், தடையில்லை. சிறு நிறுவனத்தில் 5 பேர் வரை பயன்படுத்தலாம். ஆனால் 250 கணினிகளுக்கு மேலோ, ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வருமானத்துக்கு மேலோ உள்ள நிறுவனம் தன் வணிகச் செயலிகளுக்கு அதைத் தொடக் கூடாது. இந்தக் கணக்கில் தாய் நிறுவனமும் கிளைகளும் சேர்த்தே எண்ணப்படும். "நாங்கள் எட்டுப் பேர்தான்" என்று இங்கே ஒரு மாடியில் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தின் தலைமையகம் பாரிஸில் ஆயிரம் பேரோடு இயங்கலாம். அப்போது அந்த எட்டுப் பேருக்கும் இலவசம் பொருந்தாது. சனி, ஞாயிறுகளில் பெரிய நிறுவனத்துக்காக ஒப்பந்த வேலை செய்பவருக்கும் இதே விதிதான். கருவி மாறவில்லை. அதை யாருக்காகத் திறக்கிறோம் என்பதைத்தான் உரிமம் பார்க்கிறது.

நிரல் எழுதும் கருவிகளான வெப்ஸ்டார்மும் ரைடரும் 2024 அக்டோபரிலிருந்து வணிகம் சாராத வேலைக்கு இலவசம். கோயில் வகுப்புச் செயலிக்குச் சரி. அதே செயலியில் விளம்பரம் போட்டுக் காசு பார்த்தால் கட்டண உரிமம் வாங்க வேண்டும். தம்பிக்கு விளம்பர யோசனை இருந்தது. நான் அதைக் கேட்டிராவிட்டால் அவன் சொல்லியிருக்க மாட்டான்.

பழைய கட்டுரையை நம்பி முடிவெடுப்பது இன்னொரு தவறு. செயலி கட்டும் ஜமாரின் ஒரு காலத்தில் கட்டணக் கருவி. 2016இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி இலவசமாக்கியது. 2024 மே 1ஆம் தேதியோடு அதற்கான ஆதரவே முடிந்துவிட்டது. விளையாட்டுச் செயலி செய்யும் கருவியான யூனிட்டி 2023 செப்டம்பரில், செயலி எத்தனை முறை நிறுவப்படுகிறது என்ற கணக்கில் புதுக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பவே மறு ஆண்டு ரத்து செய்தது. ஆகவே உரிமப் பக்கத்தை, வேலை தொடங்கும் நாளில் படியுங்கள். படித்த பதிப்பைச் சேமித்தும் வையுங்கள்.

ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்தில் உள்ள லைப்ரரியை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பை, செயலியில் சேர்க்கும்போதும் நிதானம் வேண்டும். உங்கள் நிரலையும் அதே உரிமத்தில் திறந்துவைக்க வேண்டிவரும். திறந்துவைத்தாலும் சிக்கல் தீராது: வீடியோ பார்க்கும் விஎல்சியின் ஐபோன் செயலி 2011 ஜனவரியில் ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டதற்கு, ஜி.பி.எல்.லும் ஆப் ஸ்டோரின் நிபந்தனைகளும் முரண்பட்டதே காரணம். உரிமம் மாற்றிய பின் 2013இல்தான் அது திரும்பியது.

இலவசக் கருவியானாலும் உரிய இடத்திலிருந்தே எடுங்கள். சீனாவில் பலர் எக்ஸ்கோடை வேறொரு கோப்புப் பகிர்வுத் தளத்திலிருந்து இறக்கினார்கள். அதில் ஒளிந்திருந்த தீநிரல் அவர்கள் செய்த செயலிகளுக்குள் புகுந்துவிட்டது. 2015இல் வெளிப்பட்ட சங்கதி இது.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் விஷயம்: எழுத்துரு. ரூபாய் நோட்டிலேயே தமிழ் அச்சாகும் நாடு மொரிஷியஸ். இங்கே தமிழ் எழுத்தின் உரிமத்தைக் கவனிக்காமல் விடலாமா? தம்பியின் செயலியில் "அ" அத்தனை அழகாக இருந்தது. கோப்புறையைத் திறந்தோம். சென்னையில் ஓர் அச்சகம் விலைக்கு வாங்கியிருந்த எழுத்துரு, பென் டிரைவில் கடல் தாண்டி அவனிடம் வந்திருந்தது. உரிமக் கோப்பு எதுவும் கூட இல்லை. அச்சகம் வாங்கியது காகிதத்தில் அச்சடிக்கும் உரிமை. செயலிக்குள் வைத்தால், இறக்கிக்கொள்ளும் ஒவ்வொருவர் கையிலும் எழுத்துருவின் ஒரு நகல் போய்ச் சேரும். அதற்கு விற்பவர்கள் பெரும்பாலும் தனி உரிமம் கேட்பார்கள். பிறகு நோட்டோ சான்ஸ் தமிழை இறக்கினோம். அதன் கோப்புறையிலேயே திறந்த எழுத்துரு உரிமம் உரைக் கோப்பாக இருந்தது: செயலியில் சேர்க்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. தம்பி அதை வரி வரியாக உரக்கப் படித்தான். "இவ்வளவுதானா அண்ணா?" என்றான். ஆம், இவ்வளவுதான்.

தேவையில்லாத நேரத்தில் பணம் கட்டுவதும் தவறுதான். கூகுள் பிளேயில் செயலி வெளியிடும் கணக்குக்கு 25 டாலர், ஒரே முறை. புதிய தனிநபர் கணக்கென்றால், வெளியிடுமுன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும். அதற்கு வகுப்புப் பெற்றோர் இருக்கிறார்கள். ஆப்பிளுக்கோ ஆண்டுதோறும் 99 டாலர். நம் மொரிஷியஸ் பணத்தில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல். பணம் கட்டிய நாளிலிருந்தே ஆண்டுக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். சொந்த ஐபோனில் ஓட்டிப் பார்க்க அது தேவையே இல்லை. சாதாரண ஆப்பிள் கணக்கு போதும். ஏழு நாளுக்கு ஒருமுறை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

தம்பி இன்னும் ஆப்பிளுக்குப் பணம் கட்டவில்லை. ஞாயிறுதோறும் அக்காவின் போனை வாங்கி, செயலியை மறுபடி ஏற்றிக் கொடுக்கிறான். "ஃ" பக்கம் மட்டும் இன்னும் முடியவில்லையாம்.