மாசியில் இடி இடித்தால் கொப்பியை எடுங்கள்

"இந்த வருஷம் காலமே சரியில்லை" என்று நாம் ஒவ்வொரு வருஷமும்தான் சொல்கிறோம். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சொல்கிறோம், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சொல்கிறோம், ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முகம் தெரியாதவரிடமும் சொல்கிறோம். ஆனால் போன வருஷம் மாசியில் மழை பெய்ததா என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் நல்ல மழை என்பார், இன்னொருவர் ஒரு சொட்டுக்கூட இல்லை என்பார், இரண்டு பேரும் சத்தியம் பண்ணுவார்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் சித்திக்கும் இதே வாக்குவாதம் வந்த அன்றுதான் நான் எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். இப்போது அது ஆறாவது வருஷம். காலம் தப்பி வருகிறதா இல்லையா என்பதை வீட்டிலிருந்தே எப்படிக் கவனித்து எழுதி வைக்கலாம் என்று அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் எது வழக்கம் என்று தெரிய வேண்டும், அது தெரியாமல் எது வழக்கத்துக்கு மாறானது என்று சொல்ல முடியாது. இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் நம் நாட்டுக் காலத்தை நான்காகப் பிரிக்கிறது: டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை, மார்ச்சும் ஏப்ரலும் முதலாவது இடைப்பருவம், மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, அக்டோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவம். இதை மனப்பாடம் பண்ணினால் மட்டும் போதாது, நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை எல்லாம் மேற்குச் சரிவு. இங்கே தையும் மாசியும் காய்ந்த காலம், டிம்புல, டிக்கோயா தேயிலைக்கு நல்ல மணம் ஏறுவதும் அந்தக் காய்ந்த குளிர்காற்றில்தான். பதுளை, பசறை பக்கம் அப்படியே தலைகீழ். டிசம்பர், ஜனவரியில் அங்கே மழை கொட்டும், அவர்களுடைய காய்ந்த காலமும் தேயிலையின் நல்ல காலமும் ஜூலைக்குப் பிறகுதான். அதனால் ஜனவரியில் பசறையில் மழை என்றால் அது செய்தி இல்லை, அதே நாளில் மஸ்கெலியாவில் விடாமல் மழை என்றால் கட்டாயம் எழுத வேண்டும்.

நமக்கு வெளிநாட்டுக்காரர்கள் மாதிரி பனி உருகி வரும் வசந்தம் கிடையாது. நம்முடைய வசந்தம் என்றால் பனி விலகி, பிற்பகலில் முதல் இடிமழை விழுந்து, கோப்பிச் செடி பூத்து, சித்திரை வருஷப்பிறப்புக்கு முன்னால் குயில் கூவி, நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் தொடங்குவதுதான். இந்த வரிசையில் எது முந்துகிறது, எது பிந்துகிறது என்பதைத்தான் பிடிக்கப் போகிறோம்.

கொப்பிக்குப் பென்சில்தான் நல்லது. பேனா மை இந்த ஈரத்தில் ஊறி, இரண்டாம் வருஷம் படிக்க முடியாமல் போய்விடும், என் முதல் கொப்பியில் பாதிப் பக்கம் அப்படித்தான் போனது. ஒரு நாளைக்கு இரண்டு வரி போதும். தேதி, மழை எத்தனை மில்லிமீட்டர், எந்த நேரத்தில் பெய்தது, இடி இருந்ததா, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, காலைக் குளிர் எவ்வளவு, வேறு ஏதாவது கண்ணில் பட்டதா. எதுவும் நடக்காத நாளிலும் மழை 0 என்று எழுதுங்கள். வெறுமையாக விட்டால் பிறகு பார்க்கும்போது மழை இல்லையா, நீங்கள் எழுதவில்லையா என்று தெரியாது.

சரி, மழை அளக்க. கடையில் விற்கும் மானி தேவையில்லை. நேரான பக்கமுள்ள ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், இடுப்பு ஒடுங்கிய போத்தல் வேண்டாம். தோள்பட்டை வளையத் தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல் துண்டை மூடியில்லாமல் தலைகீழாக உள்ளே செருகினால் அதுவே புனல், தண்ணீர் ஆவியாகிப் போவதையும் குறைக்கும். போத்தலின் அடி மேடு பள்ளமாக இருக்கும், அதனால் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு கீறுங்கள். அதுதான் பூச்சியம். கல் போத்தலைக் காற்றில் சாயாமலும் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து பிள்ளைகளின் அடிமட்டத்தை மில்லிமீட்டர் பக்கமாக ஒட்டிவிடுங்கள். வாயும் உடம்பும் ஒரே அகலம் என்பதால் உள்ளே ஏறும் உயரம்தான் மழையின் அளவு, கணக்கே வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லீட்டர் தண்ணீர். அளந்ததும் தண்ணீரைத் திரும்பப் பூச்சியக் கோட்டுக்கே கொண்டுவாருங்கள், வெயில் காலத்தில் அது கோட்டுக்குக் கீழே இறங்கினால் நிரப்பிவிடுங்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் தவறு விடுகிறார்கள். லயத்து (தோட்டத்து வரிசை வீடு) கூரைத் தகரத்தின் ஓரத்தில் வைத்தால் கூரைத் தண்ணீரைத்தான் அளப்பீர்கள். மரத்தடியும் கூடாது. ஒரு மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி, மரக்கறித் தோட்டத்தில் ஒரு குச்சியில் கட்டி, வாய் நிலத்திலிருந்து ஒரு அடியாவது மேலே இருக்கும்படி வையுங்கள். திணைக்களம் காலை 8.30க்கு அளக்கிறது. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிறவர்களுக்கு அந்த நேரம் சரிவராது, அதனால் ஆறரைக்கு அளந்தாலும் பரவாயில்லை, தினமும் அதே நேரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மழை பெய்த நேரத்தை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், எந்த மழை என்பதை நேரம்தான் காட்டிக்கொடுக்கும். காலையில் பளிச்சென்று வெயில், மதியத்துக்கு மேல் கருமேகம் திரண்டு, இரண்டு மூன்று மணிக்கு இடியோடு ஒரு மணிநேரம் கொட்டி ஓய்ந்தால் அது இடைப்பருவத்து மழை, மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் வழக்கமானது. நாள் முழுக்க இடியில்லாமல் சிணுங்கிக்கொண்டே இருந்து காற்றும் கிழக்கிலிருந்து வந்தால் அது வடகீழ்ப் பருவமழை, அல்லது வங்காள விரிகுடாவில் ஏதாவது தாழமுக்கம். இந்த இரண்டையும் ஒரே "மழை" என்று எழுதி வைத்தால் பாதி விஷயம் போய்விடும். பெப்ரவரி நடுவிலேயே நாலைந்து நாள் தொடர்ந்து பிற்பகல் இடிமழை வந்தால், காலம் முந்துகிறது என்று சந்தேகப்பட ஆரம்பிக்கலாம்.

அடுத்தது குளிர். சாதாரணச் சுவர் வெப்பமானி போதும், ஆனால் இஸ்தோப்பில் (முன் வராந்தாவில்) தகரத்துக்கு நேர் கீழேயும் அடுப்பு இருக்கும் சுவரிலும் மாட்டாதீர்கள். வெயில் படாத, காற்று புகும் இடத்தில் நெஞ்சு உயரத்தில் மாட்டி, சூரியன் எழும் நேரத்தில் பாருங்கள், ஒரு நாளின் மிகக் குறைந்த வெப்பநிலை பெரும்பாலும் அப்போதுதான். உயரம் 1000 மீட்டர் கூடினால் ஏறக்குறைய ஆறரை பாகை (டிகிரி செல்சியஸ்) குறையும், அதனால் நுவரெலியா அளவை பதுளை அளவோடு நேராக ஒப்பிட்டு "உங்களுக்குக் குளிரே இல்லையே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. உங்கள் இடத்தை உங்கள் இடத்தின் போன வருஷத்தோடு ஒப்பிடுங்கள்.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். கந்தப்பளை, அம்பேவளை பக்கம் இருப்பவர்கள் உறைபனியைத் தனியாக எழுத வேண்டும். மேகமில்லாத, காற்றில்லாத இரவுதான் அதற்கு வசதி. குளிர்காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு வழிந்து போய்த் தேங்கும். அதனால்தான் ஒரே மலையில் மேட்டுத் தேயிலை பச்சையாக நிற்க, பள்ளத்துத் தேயிலை கருகிப்போகிறது. நெஞ்சு உயரத்தில் மூன்று நான்கு பாகை காட்டும்போதே புல்லில் வெள்ளை படிந்திருக்கலாம், ஏனென்றால் புல்லின் மேல் இன்னும் குளிராக இருக்கும். கந்தப்பளையில் மாமி வீட்டில் ஒரு காலை, இரவு வெளியே காயப்போட்டு மறந்த படங்கு பலகை மாதிரி விறைத்து நின்றது, அதன் மடிப்பெல்லாம் உப்பு தூவியது போல வெள்ளை. மாமி வெயில் ஏறுமுன் எழுந்து கிழங்குச் செடிக்குத் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவினார். அந்தப் பக்கத் தோட்டக்காரர்கள் பலரும் செய்வதுதான் அது. கொப்பியில் "பனி" என்று மட்டும் எழுதாமல், எங்கே இருந்தது, பள்ளத்திலா மேட்டிலா, எத்தனை மணிக்குக் கரைந்தது என்று எழுதுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பூக்கள். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வருஷாவருஷம் அதே மரத்தைத்தான் பார்க்க வேண்டும். முள்முருங்கை, பேரி, கோப்பி, எதுவானாலும் சரி. "பூத்தது" என்றால் என்ன என்பதையும் முதலிலேயே முடிவு பண்ணுங்கள், எனக்கு ஐந்து பூ விரிந்த நாள்தான் முதல் நாள். கோப்பி நல்ல சாட்சி. காய்ந்த காலத்தில் மொட்டு உறங்கிக் கிடக்கும், ஒரு நல்ல மழை விழுந்து எட்டு பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாக விரியும், மல்லிகை மாதிரி மணக்கும், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். எங்கள் லயத்துப் பின்னால் ஒரு கோப்பிச் செடி, ஒரு வருஷம் பெப்ரவரி கடைசியில் பூத்தபோது கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன், ஒன்பது நாளுக்கு முன்னால் 14 மில்லிமீட்டர், பிற்பகல், இடியோடு என்று இருந்தது.

தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் இன்னொரு கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, அது பறித்த கொழுந்தின் கிலோக் கணக்கு. மழை முந்தினால் கொழுந்து முந்தித் தளிர்க்கும், வறட்சி நீண்டால் அரும்பு விடாமல் நின்றுவிடும், அப்புறம் கிலோ இல்லாமல் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். அம்மாவின் கிலோவை நான் மழைக்குப் பக்கத்திலேயே எழுதுகிறேன். காலம் தப்பினால் அது யார் சம்பளத்தில் போய் விழுகிறது என்பது அந்த இரண்டு வரிசையைப் பார்த்தாலே தெரியும். இதை எல்லோரும் எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை.

மற்ற இடங்களோடு ஒப்பிட உறவுக்காரர்கள் போதும். அக்கா பசறையில், மாமி கந்தப்பளையில், ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் மூன்று வீட்டுக் கணக்கையும் பரிமாறிக்கொள்கிறோம். மூன்று இடத்திலும் ஒரே வாரத்தில் மாறினால் அது பெரிய அளவில் நடந்த மாற்றம், ஒரு இடத்தில் மட்டும் என்றால் அந்தச் சரிவின் விஷயம். ஒரு வருஷத்தை வைத்துக் காலநிலையே மாறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், வழக்கம் எது என்று சொல்ல வானிலைக்காரர்கள் 30 வருஷச் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். 2022 மார்ச் இந்தியாவில் 1901க்குப் பிறகு வந்த மிக வெப்பமான மார்ச் என்று சொல்ல முடிந்தது அத்தனை வருஷக் கணக்கு இருந்ததால்தான். ஜப்பானில் கியோட்டோவின் செர்ரி பூத்த நாட்கள் 812ஆம் ஆண்டிலிருந்து பழைய நாட்குறிப்புகளில் கிடைக்கின்றன, அதனால்தான் 2021இல் மார்ச் 26ஆம் தேதி அது முழுதாகப் பூத்தபோது 1200 வருஷத்தில் இதுதான் மிக முந்தியது என்றார்கள். இங்கிலாந்தின் நோர்போக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் முதல் பூ, முதல் இலை, முதல் பறவை என்று எழுத ஆரம்பித்து, அவர் குடும்பமே 1958 வரை தொடர்ந்தது. அவர்கள் செய்ததும் நாம் செய்வது மாதிரி தேதி போட்டு இரண்டு வரி எழுதியதுதான்.

கடைசியாக, மழைப் போத்தலை வைத்திருப்பவர்கள் மூன்று எண்ணைக் கொப்பியின் அட்டையிலேயே எழுதி ஒட்டுங்கள்: 75, 100, 150. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் மண்சரிவு குறித்து விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எல்லைகள். பெரிய மழை நாளில் காலைவரை காத்திருக்காமல் மூன்று நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை அளந்து கூட்டுங்கள். 2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. சுவரில் புதுவெடிப்பு, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது, மரம் சாய்வது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் போத்தலில் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பக்கத்துக் காம்பராக்களைத் தட்டி எழுப்பி, பிள்ளைகளையும் வயதானவர்களையும் முதலில் இறக்கி, 117க்கு அழையுங்கள்.