பீட்சா மாவு கையில் ஒட்டினால் ஒட்டட்டும்

முதல் தடவை பீட்சா மாவு பிசைகிறவர்கள் பெரும்பாலும் சொதப்புவது ஒரே இடத்தில்தான். மாவு கையில் பிசுபிசுவென்று ஒட்டும், உடனே பதறிப்போய் இன்னும் கொஞ்சம் மைதா, இன்னும் கொஞ்சம் மைதா என்று தூவிக்கொண்டே போவார்கள், கடைசியில் வெந்து வருவது கடிக்க முடியாதபடி விறைத்துக் கிடக்கும். ஒட்டினால் ஒட்டட்டும். மைதாப் பையை எட்டத்தில் வையுங்கள்.

மைதா 500 கிராம், தண்ணீர் 325 கிராம் (ஆமாம், தண்ணீரையும் எடைதான் போட வேண்டும்), உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், ஆலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. 10 அங்குல பீட்சா மூன்று வரும். கப் கணக்கு வேண்டாம், ஏனென்றால் அமுக்கி அள்ளினால் ஒரு எடை, தளர்வாக அள்ளினால் வேறு எடை.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், விரலைச் சுட்டால் ஆற விடுங்கள். 60 டிகிரியை எட்டினால் ஈஸ்ட் செத்தே போகும். உங்களிடம் இருப்பது ஆக்டிவ் டிரை ஈஸ்ட் என்றால், அதை அந்தத் தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சர்க்கரையோடு 10 நிமிடம் ஊற வையுங்கள். நுரைக்கவில்லையா, கொட்டிவிட்டு வேறு ஈஸ்ட் வாங்குங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து, உலர்ந்த மாவு எங்கும் தெரியாத அளவுக்குக் கலந்து, மூடி 20 நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். இந்த இடைவெளியில் மாவு தண்ணீரைக் குடித்து, குளூட்டன் (மாவுக்கு இழுவை கொடுக்கும் புரதம்) தானாகவே சேர ஆரம்பிக்கும், பாதி வேலை உங்கள் கை படாமலேயே முடிந்துவிடும். அப்புறம் 8 நிமிடம் போலப் பிசையுங்கள், உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளி. ரொம்ப ஒட்டினால் கையை ஈரமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு துண்டைக் கிள்ளி இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள்: கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு ஜவ்வு மாதிரி விரிந்தால் பதம் சரி.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் போட்டு மூடி, இரண்டு மடங்காகும் வரை வையுங்கள். ஒரு மணி நேரமோ ஒன்றரையோ, அறையின் சூட்டைப் பொறுத்தது. கடிகாரத்தைவிட மாவை நம்புங்கள். அவசரமில்லை என்றால் ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, ஃபிரிட்ஜில் ஒரு நாள் வையுங்கள், ருசியே தனி.

மூன்றாகப் பிரித்து உருட்டி, அரை மணி நேரம் கழித்து விரலாலேயே நடுவிலிருந்து வெளியே அழுத்தி விரியுங்கள். பூரிக்கட்டை போட்டால் ஓரத்திலுள்ள காற்றெல்லாம் போய்விடும். மாவு சுருங்கிச் சுருங்கிப் பின்வாங்கினால் மல்லுக்கட்டாதீர்கள், 10 நிமிடம் மூடி வைத்தால் வழிக்கு வரும்.

ஓவன் எவ்வளவு சூடாகுமோ அவ்வளவும் வையுங்கள், பொதுவாக 250 டிகிரி. தட்டையும் உள்ளேயே வைத்து அரை மணி நேரம் காய விட்டு, அந்தச் சூட்டுத் தட்டின் மேல் பீட்சாவைத் தள்ளினால்தான் அடிப்பக்கம் மொறுமொறுப்பாகும். 10 நிமிடம் வாக்கில் வெந்துவிடும், 7 நிமிடத்திலிருந்தே எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.