சூரனுக்கு உடம்பு ஒன்று, தலை நாலு: அக்ஷன் பிகர் வரிசை ஒன்றைத் திட்டமிடுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் சூரன்போர் பார்த்து வளர்ந்தவர் என்றால், பொம்மைக் கம்பனிகளின் முக்கியமான தொழில் இரகசியம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சூரனுக்கு உடம்பு ஒன்றுதான். யானைமுகத்தைக் கழற்றிச் சிங்கமுகத்தைப் பூட்டுவார்கள், அதைக் கழற்றிச் சூரபத்மனின் தலை, கடைசியில் மாமரமும் சேவலும். ஒரு மர உடம்பை வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்கச் சனத்தை வீதியில் நிறுத்திவைக்கலாம். மட்டேல் கம்பனி 1982-இல் ஹீ-மேன் என்ற வீரனின் அக்ஷன் பிகர் வரிசையை, அதாவது கைகால் அசைகிற பொம்மை உருவங்களை, இறக்கியபோது செய்ததும் இதுதான்: தசைபிடித்த அதே உடம்பு, தலையும் நிறமும் மார்புக்கவசமும் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஹீ-மேனின் பச்சைப் புலிகூட, 1970-களில் பிக் ஜிம் என்ற பழைய வரிசைக்குச் செய்த புலியின் அச்சில் வார்த்ததுதான். இந்த உருவங்களுக்குப் பக்கத்தில் புலி அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக நின்றது, சரி என்று முதுகில் சேணத்தைப் போட்டு வாகனமாக்கிவிட்டார்கள்.

நான் இதொன்றும் தெரியாமல் தொடங்கினவன். நாட்டுக்கூத்து ராசா ஒருவரை, முடி, புயக்கட்டை, உடுப்பில் கண்ணாடித் துண்டு எல்லாம் வைத்து, நாலு மாதம் மினக்கெட்டுச் செய்து, அச்சில் ஊற்றினால் இறுகுகிற றெசின் என்ற திரவப் பிளாஸ்ரிக்கில் 40 வார்த்தேன். 11 விற்றது. மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு நகரத்தில் ஒரு பரிசுப்பொருள் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, வடிவாத்தான் இருக்கு. ஆனா இந்த ராசா ஆரோட சண்டை பிடிக்கிறார்?” என்று கேட்டார். பகிடிக்குக் கேட்டாரோ தெரியாது, எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. ஒரு உருவத்தை வாங்குகிற ஆள் உண்மையில் அதற்குப் பக்கத்தில் இருக்கிற வெற்றிடத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். அந்த வெற்றிடத்தைத் திட்டமிடுவதுதான் வேலை.

முதலில் உயரத்தைத் தீர்மானியுங்கள். முகம், உடுப்பு, நிறம் எல்லாம் பிறகு. ஹாஸ்ப்ரோ கம்பனி 1964-இல் ஜி.ஐ. ஜோ என்ற படைவீரன் பொம்மையைக் கிட்டத்தட்ட 12 அங்குலத்தில் செய்தது. பாவைப்பிள்ளை என்று சொன்னால் பெடியங்களுக்கு ஒருவரும் வாங்கிக் கொடுக்கமாட்டார்கள் என்ற பயத்தில் ‘அக்ஷன் பிகர்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். அந்த உயரத்துக்குத் துணி உடுப்புத் தைக்கலாம், துவக்கு, தொப்பி என்று தனித்தனியாக விற்கலாம். சவர அலகுக் கணக்கு: பிடியை ஒருமுறை விற்றால் அலகை ஆயுள் முழுக்க விற்கலாம். கென்னர் கம்பனி 1978-இல் ஸ்டார் வோர்ஸ் உருவங்களை மூன்றே முக்கால் அங்குலத்துக்கு இறக்கியதற்குக் காரணம் வேறு. அந்தக் கதையில் ஆட்களைவிட விண்கலங்கள் முக்கியம், 12 அங்குல ஆள் உட்காரக்கூடிய விண்கலம் செய்தால் அதை வைக்கத் தனி அறை வேண்டும்.

இதையே எங்கள் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். நான் இரண்டாவது முறை எடுத்தது ஊர்மனிதர் வரிசை, நடுவில் ஒரு தட்டிவான், மரத்தட்டி அடித்த அந்தப் பழைய பயணிகள் வான். வான் 5 மீற்றர் நீளம் என்று வைத்துக்கொண்டால், 1:6 அளவில், அதாவது நிஜத்தின் ஆறில் ஒரு பங்காக, அது 83 சென்ரிமீற்றர், கட்டிலுக்குக் கீழேதான் வைக்கலாம். 1:12-இல் 42. 1:18-இல் 28, அதாவது ஒரு சூட்கேசுக்குள் சாரி இரண்டுக்கு நடுவில் படுக்கும். 1:18-இல் ஒரு மனிதர் ஒன்பதரை சென்ரிமீற்றர்தான் வருவார், கென்னரின் அதே அளவு. சூட்கேசை ஏன் இழுக்கிறேன் என்றால், இங்கே இந்தச் சாமானை வாங்குகிறவர்களில் அரைவாசிப்பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து லீவுக்கு வந்தவர்கள், அவர்கள் கேட்கிற முதல் கேள்வி விலை அல்ல, “இது உடையாமல் போய்ச் சேருமோ?” என்பதுதான்.

அடுத்தது உடம்பு, இதில் நிதானமாக இருங்கள், காசு இங்கேதான் போகிறது. பெரிய கம்பனிகளுக்கு ஒரு உருவத்துக்கான உருக்கு அச்சுகளுக்கே பல பத்தாயிரம் டொலர் செலவாகும், அதனால் ஒரு உடம்பை வெட்டுவதற்கு முன்னமே அது இன்னும் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று கணக்குப் பார்த்துவிடுவார்கள். ஒரு தொகுதியில் இரண்டு பேருக்குப் புதுசாக முழு அச்சு, இரண்டு பேருக்குப் பழைய உடம்பில் புதுத் தலை, ஒருவருக்கு நிறம் மட்டும் மாற்றம் என்று பிரித்துப் போடுவது வழக்கம். வாகனமாக மாறுகிற ரோபோக்களின் டிரான்ஸ்போமர்ஸ் வரிசையில் ஸ்டார்ஸ்கிரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் மூன்று பேரும் ஒரே விமானம், பெயிண்ட்தான் வேறு, மூன்றையும் வைத்திருக்கிறவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரிவதில்லை.

எங்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது, அதன் பெயர் சாரம். கென்னர் உருவங்களுக்குக் கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு என்று ஐந்து மூட்டு. சாரமோ வேட்டியோ கட்டிய ஆளுக்கு இடுப்பு மூட்டே வேண்டாம், முழங்காலைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை, மூன்று மூட்டோடு வேலை முடிந்தது. நான் வெறும்மேலும் வேட்டியுமாக ஒரு ஆண் உடம்பு செய்தேன். அதே உடம்பு காவடிக்காரருக்கும் போகும், தோளில் ஒரு துவாய் போட்டால் மீன்காரருக்கும், பெனியனைப் பெயிண்டில் போட்டால் தட்டிவான் சாரதிக்கும் போகும். கைகளில் மட்டும் கவனம் வையுங்கள்: காவடிக்கு உயர்த்திய கை, சாரதிக்கு ஸ்ரியறிங் பிடிக்கிற வளைவு. கையும் தலையும் மாறினால் ஒருவரும் உடம்பைப் பார்ப்பதில்லை.

உடம்பை வரைந்த பிறகு முன், பின், இரண்டு பக்கம் என்று நாலு பார்வையில் கோட்டுப்படம் போட்டு, ஒவ்வொரு இடத்தின் நிறத்தையும் அதிலேயே குறித்துவிடுங்கள். சோம்பல் வரும், நானும் விட்டிருக்கிறேன். விட்டால் பத்தாவது உருவத்தின் சாரம் முதலாவதின் சாரத்துக்கு அண்ணன்தம்பி மாதிரித்தான் இருக்கும், அதே சாரமாக இருக்காது.

சரி, யார் யார் வரவேண்டும்? பெரிய கம்பனிகள் முதல் தொகுதியில் எல்லா நட்சத்திரங்களையும் கொட்டுவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒருவர், அவருக்கு எதிராகவோ துணையாகவோ ஒருவர், நிறத்தால் கண்ணை இழுக்கிற ஒருவர், விசயம் தெரிந்தவர்கள் மட்டும் துள்ளிக் குதிக்கிற ஒரு சின்னப் பாத்திரம், இப்படி ஒரு கலவை. என் ஆறு பேர்: தட்டிவான் சாரதி, காவடிக்காரர், மீன்காரர், பட்டம் விடுகிற பெடியன், கடலை விற்கிற ஆச்சி, பிறகு விற்காமல் கிடந்த அதே கூத்து ராசா, இந்த முறை சின்னவராக. மீன்காரருக்குச் சைக்கிள் வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். அந்த அளவில் றெசின் சக்கரக் கம்பி தும்மினாலே உடையும், அதனால் சைக்கிளை இரண்டாம் தொகுதிக்கு ஒதுக்கிவிட்டு, அவருக்கு மீன்பெட்டியும் தராசும் மட்டும் கொடுத்தேன்.

நிஜ ஆட்களின் முகத்தைப் பார்த்துச் செதுக்காதீர்கள், தெரியாமல்கூட. என் மீன்காரரைப் பார்த்துவிட்டு எங்கள் ஒழுங்கைக்கு வருகிற மீன்காரர், “இது நான்தானே, எனக்கு ரெண்டு தா” என்று கேட்டு வாங்கிப் போனார். கம்பனிகள் இதே விசயத்துக்கு நடிகர்களுக்குக் காசு கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்குகின்றன, எனக்கு இரண்டு பொம்மையோடு போனது.

இப்போது எண்ணிக்கை, என் பெரிய பிழை இங்கேதான். கடைக்குப் போகிற பெட்டியில் எட்டு உருவம் என்றால் எட்டும் சமமாக இருப்பதில்லை. அதிகம் போகும் என்று நினைக்கிறவரை இரண்டு மூன்று போடுவார்கள், சந்தேகமானவரை ஒன்று. கணக்குப் பிழைத்தால் ஒருவர் கடைக் கொழுவியில் மாதக்கணக்காகத் தூசி பிடித்துத் தொங்குவார், இன்னொருவரைத் தேடிச் சனம் அலையும். அமெரிக்கக் கம்பனிகள் நெடுங்காலம் பெண் பாத்திரங்களைத்தான் இப்படிக் குறைத்துப் போட்டன, பெடியங்கள் வாங்கமாட்டார்கள் என்ற அதே பழைய நினைப்பு. அதைப் படித்துச் சிரித்துவிட்டு நானும் சாரதியை 15 வார்த்தேன், ஆச்சியை 6. ஆச்சி மூன்றாம் நாளே முடிந்துவிட்டா. வெளிநாட்டில் இருந்து வந்த பெண்கள் மற்ற ஐந்து பேரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த தொகுதிக்கு என் ஆலோசனை: முதலில் எல்லோரையும் சம எண்ணிக்கையில் கொஞ்சமாக வார்த்தெடுங்கள், முதல் கிழமை போகிற வேகத்தைப் பார்த்து மிச்சத்தை வார்த்தெடுங்கள். சிலிக்கன் றப்பர் அச்சில் கையால் வார்க்கிறவனுக்கு இருக்கிற ஒரே வசதி இது, பெரிய கம்பனிக்கு இது கிடையாது.

ஆறையும் வாங்கவைக்க என்ன வழி? டோய் பிஸ் கம்பனி 2005-இல் மார்வல் லெஜன்ட்ஸ் வரிசையில் கலக்டஸ் என்ற இராட்சதனைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டு போட்டது, எல்லாப் பெட்டியும் வாங்கினால்தான் ஆள் முழுசாவார். நான் தட்டிவானை அப்படிப் பிரித்தேன்: முன்மூக்கு ஒரு பெட்டியில், மரத்தட்டி ஒன்றில், சக்கரங்கள், கூரை, இருக்கை, பின்பலகை. நல்ல தந்திரம்தான், ஒரு நிபந்தனை இருக்கிறது: ஆறில் ஒன்று தீர்ந்துபோனால் மற்ற ஐந்து துண்டும் வைத்திருக்கிறவர் உங்களைத் திட்டுவார். ஆச்சியின் பெட்டியில்தான் கூரை இருந்தது. மழைக்கு நனைகிற தட்டிவான் ஊரில் ஒன்பது இருக்கின்றன, பிறகு கூரையைத் தனியாக வார்த்து ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கொடுத்தேன்.

உள்ளே எந்த உருவம் என்று தெரியாமல் வாங்கவைக்கிற மூடிய பெட்டி வியாபாரம் எனக்குப் பிடிக்காது. சீனாவின் பொப் மார்ட் 12 உருவத்தை ஒரு தொகுதியாக்கி, பெரும்பாலும் 144 பெட்டிக்கு ஒன்று என்று ஒரு இரகசிய உருவத்தையும் ஒளித்துவைத்து விற்கிறது, கோடிக்கணக்கில் போகிறது. திருவிழாவில் பிள்ளையின் கையில் இருக்கிற காசை அப்படி உருவ எனக்கு மனமில்லை. உங்கள் விருப்பம்.

முற்பணம் வாங்குவது வேறு விசயம், அதைத் தாராளமாகச் செய்யுங்கள். 1977 நத்தாருக்கு ஸ்டார் வோர்ஸ் பொம்மை தயாராகவில்லை என்று தெரிந்ததும் கென்னர் ஒரு மட்டை உறையையும் பத்திரத்தையும் விற்றது, பத்திரத்தை அனுப்பியவர்களுக்கு அடுத்த வருடம் நாலு உருவம் தபாலில் வந்தது. 2018-இல் ஹாஸ்ப்ரோ ஸ்டார் வோர்ஸ் கதையில் வருகிற 499.99 டொலர் பாய்க்கப்பல் பொம்மை ஒன்றுக்கு 5,000 பேர் முன்கூட்டிப் பணம் கட்டினால்தான் செய்வோம் என்று அறிவித்தது, 8,000-க்கு மேல் கட்டினார்கள். நீங்கள் வட்ஸ்அப்பில் 20 பேரின் முற்பணம் வந்த பிறகு சிலிக்கன் வாங்கினால் போதும்.

பெயிண்டைக் குறையுங்கள். தொழிற்சாலையில் ஒவ்வொரு நிறமும், கண்ணுக்கு அடிக்கிற அச்சும், தனித்தனிச் செலவாகக் கணக்கு வைக்கப்படும், அதனால்தான் பாதி உடம்பை நிறம் கலந்த பிளாஸ்ரிக்கிலேயே வார்த்துவிடுகிறார்கள். உங்களுக்கும் அதுவே சரி: தோல் நிறத்தை றெசினிலேயே கலந்துவிட்டால் பிறகு சாரம், மயிர், கண் மட்டும்தான் தூரிகை வேலை. முதல் உருவத்தை எல்சிடி றெசின் பிரிண்டரில், அதாவது றெசினை அடுக்கடுக்காக இறுக்கி உருவமாக்குகிற முப்பரிமாண பிரிண்டரில், எடுக்கிறீர்கள் என்றால் ஒரு சின்னக் கணக்கு: அது ஒரு அடுக்கு முழுவதையும் ஒரேயடியாக ஒளிகாட்டி இறுக்கும், ஆகவே தட்டில் ஒரு தலை இருந்தாலும் ஆறு தலை இருந்தாலும் நேரம் ஒன்றுதான், உயரம்தான் நேரத்தைக் கூட்டும். தலைகளை ஒன்றாகப் போடுங்கள். கரண்ட் போகும் என்று அறிவித்த நாளில் எதையும் போடாதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கேளுங்கள். 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுசாக இறங்குகிற எந்தத் துண்டும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆகாது. கென்னர்கூட ஸ்டார் வோர்ஸின் போபா பெட் உருவத்தின் முதுகு ரொக்கெட்டைச் சுடுகிற மாதிரி வடிவமைத்துவிட்டு, தொண்டையில் சிக்கும் என்று அசையாமல் பூட்டித்தான் அனுப்பியது. தலை மாற்றுவதற்குச் சின்னக் காந்தம் வைக்கிற ஆசை எல்லோருக்கும் வரும், பிள்ளை இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் கிழிக்கும், வேண்டாம். நாங்கள் செய்வது பெரியவர்கள் அலுமாரியில் வைக்கிற சாமான், அதைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

காலம். பெரிய கம்பனிகள் ஒரு வருடம், ஒன்றரை வருடம் முன்னால் தொடங்கி நத்தாரைக் குறிவைக்கும். எங்கள் நத்தார் நல்லூர்த் திருவிழா, 25 நாள், ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடி ஏறும், ஆகவே உங்கள் வெளியீட்டுத் திகதியைப் பஞ்சாங்கத்தில் பாருங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பெட்டி அச்சடிப்பு ஆனி, பெயிண்ட் வைகாசி, வார்ப்பு மாசி பங்குனி. மாரியில் வார்க்க நினைக்காதீர்கள், பொலியூரத்தேன் றெசின் காற்றின் ஈரத்தைக் குடித்து நுரைக்கும், ஒரு கார்த்திகையில் எனக்குப் பதினாறு காவடிக்காரர் பணியாரம் மாதிரி வந்தார்கள்.

திருவிழா முடிந்ததும் அச்சுகளைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பழுதான வார்ப்பை வைத்து மூடி, தட்டையாகப் படுக்கவையுங்கள், வெறுமையாக வைத்தால் சிலிக்கன் கோணிப்போகும். மேலே திகதியையும் இதுவரை எத்தனை வார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், இருபது முப்பதுக்கு மேல் விளிம்பு கிழியத் தொடங்கும். ஆண் உடம்பின் அச்சை மட்டும் கைக்கெட்டுகிற இடத்தில் வையுங்கள். சைக்கிள்காரருக்கு அதுதான் வேண்டும்.