பைத்தானுக்குள் ஒரு குட்டி ஸ்கீம்

சொந்தமாக ஒரு மொழியை இயக்கிப் பார்க்க ஆசை என்று யார் வந்து கேட்டாலும் நான் கைகாட்டுவது ஸ்கீமைத்தான். 1975-ல் எம்ஐடியில் ஸ்டீலும் சஸ்மனும் உருவாக்கிய, லிஸ்ப் என்ற பழைய நிரல்மொழியின் வகை மொழி. இலக்கணம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, எல்லாம் அடைப்புக்குறிதான். பைத்தான் தெரிந்தவருக்கு ஒரு வாரக்கடைசி போதும்.

முதலில் வரியை உடைக்க வேண்டும். ஸ்கீமில் செயல்குறி முன்னால் வரும்: 1 + 2 * 3 என்பதை (+ 1 (* 2 3)) என்று எழுத வேண்டும். இதில் ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் இருபுறமும் இடைவெளி விட்டு, ஸ்ப்ளிட் செய்தால் டோக்கன்கள், அதாவது தனித்தனித் துண்டுகள், தயார். மேற்கோளுக்குள் வரும் வாக்கியங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனும் வேண்டாம். அதில் 'சொல்லின் எழுத்து' என்பதற்கான பேக்ஸ்லாஷ் டபிள்யூவைப் போட்டுவிட்டு, மாறிக்குத் தமிழில் பெயர் வைத்தால் தொலைந்தது. புள்ளி, கொம்பு, துணைக்கால் எதையும் பைத்தான் அதில் சேர்ப்பதில்லை. 'தொகை' என்ற பெயர் துண்டுதுண்டாக வந்து நிற்கும்.

அடுத்து, டோக்கன்களை லிஸ்ட்டுக்குள் லிஸ்ட்டாக அடுக்கும் பார்சர். திறக்கும் குறி வந்தால் புது லிஸ்ட், மூடும் குறி வந்தால் அதை முடித்துக் கொடு. அவ்வளவுதான்.

அப்புறம் இவால், அதாவது கோவையை மதிப்பிட்டு விடை தரும் ஃபங்ஷன். எண் வந்தால் அதே எண். பெயர் வந்தால் டிக்‌ஷனரியில் தேடு, இல்லையென்றால் அதைச் சூழ்ந்திருக்கும் தாய் டிக்‌ஷனரியில் தேடு. லிஸ்ட் வந்தால் தலையைப் பார்: இஃப், டிஃபைன் (பெயருக்கு மதிப்பு கொடுப்பது), லாம்டா (பெயரில்லாத ஃபங்ஷன்) என்றால் தனி கவனிப்பு, மற்றதெல்லாம் ஃபங்ஷன் அழைப்பு. லாம்டா, தான் பிறந்த இடத்து டிக்‌ஷனரியைக் கையோடு வைத்திருக்க வேண்டும், அழைக்கப்பட்ட இடத்தினுடையதை அல்ல. ஓர் எண்ணை வாங்கி, அதைக் கூட்டித் தரும் லாம்டாவைத் திருப்பும் 'கூட்டி' ஒன்றை எழுதுங்கள். ((கூட்டி 3) 4) என்றால் 7 வந்தாக வேண்டும்.

இனிமேல்தான் வம்பு. ஸ்கீமில் பொய்யாக எண்ணப்படுவது #f (இங்கே பைத்தானின் ஃபால்ஸ்) ஒன்று மட்டுமே. 0-வும் காலி லிஸ்ட்டும் மெய். பைத்தானிலோ அவை இரண்டும் பொய்க் கணக்கில் போகும். ஆகவே இஃப் எழுதும்போது நிபந்தனையின் விடையை அப்படியே பைத்தானின் இஃப்பிடம் கொடுக்காதீர்கள். ஃபால்ஸோடு சமமா என்றும் ஒப்பிடாதீர்கள், பைத்தானில் 0-வும் ஃபால்ஸும் சமம். 'இஸ் நாட் ஃபால்ஸ்' என்று எழுதினால்தான் சரி.

அடுத்தது ஆழம். ஸ்கீமில் லூப் வேலையை ரிகர்ஷனே, அதாவது ஃபங்ஷன் தன்னையே அழைப்பதே, பார்த்துக்கொள்ளும். கடைசி வேலையாக வரும் அழைப்பு, முடியாத அழைப்புகளை நினைவில் அடுக்கி வைக்கும் ஸ்டாக்கைத் தின்னக் கூடாது என்பது மொழியின் விதி. இப்படி அழைப்புக்குள் அழைப்பாகப் போவதற்குப் பைத்தானின் வழக்கமான எல்லை 1000. ஒரு லட்சத்திலிருந்து கீழே எண்ணச் சொன்னால் பாதி வழிகூடப் போகாது. எல்லையை உயர்த்துவது ஒட்டுப்போடுவது. நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். இவாலின் உடலை 'வொயில் ட்ரூ'வுக்குள் போடுங்கள். இஃப் வந்தால் தேர்வான கிளையையே அடுத்து மதிப்பிட வேண்டிய கோவையாக்கி மறுசுற்று. லாம்டா அழைப்பு வந்தால் புது டிக்‌ஷனரி, அதன் உடல், மறுசுற்று. நிபந்தனைக்கும், டிஃபைனின் மதிப்புக்கும், அழைப்பின் தலைக்கும், ஆர்க்யுமென்ட்டுக்கும் மட்டும் இவாலை மறுபடி கூப்பிட்டால் போதும். இப்போது பத்து லட்சம் கொடுத்தாலும் எண்ணி முடிக்கும், மெதுவாகத்தான்.

ஓடும் நிரலின் ஓர் இடத்தைப் பிடித்து வைத்து, பிறகு அங்கே தாவ உதவும் ஸ்கீமின் கால்-சிசி இந்த அமைப்பில் முழுசாக வராது. எக்ஸெப்ஷன் வைத்து வெளியே தாவும் அளவுக்குச் செய்யலாம். விட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டுமென்றால் பைத்தான் ஸ்டாக்கை நம்பாமல் சொந்த ஸ்டாக் கட்ட வேண்டும், அதற்கு இவாலை முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.