காரில் ஸ்கங்க் நாற்றமா? முதலில் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள்

இரவு நேரம், நெடுஞ்சாலை. ஏற்கெனவே அடிபட்டுக் கிடந்த ஒரு ஸ்கங்க் மேல் என் கார் ஏறி இறங்கியது. வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலையே தவறு: காருக்குள் எலுமிச்சை வாசனை ஸ்ப்ரே அடித்தேன். காலையில் கதவைத் திறந்தால், ஸ்கங்க்கை எலுமிச்சை ஊறுகாயில் ஊறப்போட்ட மாதிரி ஒரு நெடி. நாற்றம் காருக்குள் இல்லவே இல்லை, சக்கரத்துக்கு மேலே ஒட்டியிருந்தது என்று தெரிய இரண்டு நாள் ஆனது.

ஸ்கங்க்கைப் பார்த்திராதவர்களுக்கு: பூனை அளவில், கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டையோடு அமெரிக்கக் கண்டங்களில் திரியும் இரவு விலங்கு. மரநாயோ புனுகுப்பூனையோ அல்ல. வாலுக்கு அடியில் இரண்டு சுரப்பிகள் உண்டு. மிரண்டால் அவற்றிலிருந்து மூன்று மீட்டர் தூரம் வரை குறி பார்த்துப் பீய்ச்சும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆண் ஸ்கங்க்குகள் துணை தேடி அலைவதால், வட அமெரிக்கச் சாலைகளில் அப்போது நிறைய அடிபடும்.

ஏன் கழுவினாலும் போவதில்லை?

பீய்ச்சுவது வெறும் திரவம் அல்ல, எண்ணெய்ப் பசையுள்ளது. அதில் தயோல் எனப்படும் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. சமையல் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று கலக்கிறார்களே ஒரு நாற்றப் பொருள், அதுவும் இந்தக் குடும்பம்தான். துளியில் துளி இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். அதே திரவத்தில் தயோஅசிட்டேட் என்று இன்னொரு வகையும் உண்டு. அது அவ்வளவாக நாறாது. ஆனால் தண்ணீர் பட்டால் மெல்ல மெல்ல தயோலாக மாறும். கழுவிய கார் மழை நாளில் மறுபடி நாறுவதற்கு இதுதான் காரணம். ஆகவே நாற்றத்தை மூடி மறைத்துப் பயனில்லை, அந்தச் சேர்மத்தையே வேறொன்றாக மாற்ற வேண்டும்.

படி 1: எங்கே என்று கண்டுபிடியுங்கள்

காரை கராஜுக்குள் விடாதீர்கள், வீடும் சேர்ந்து நாறும். வெளியே நிறுத்திவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் முகர்ந்து பாருங்கள். பிறகு உள்ளே உட்கார்ந்து ஃபேனை அணைத்துவிட்டு ஒரு முறை, போட்டுவிட்டு ஒரு முறை. ஃபேன் போட்டதும் குப்பென்று வந்தால் காற்று வரும் வழியில் சிக்கல். நாள் முழுக்க அந்த நெடியிலேயே இருந்தவர் மூக்கு மரத்துப் போயிருக்கும். அதனால் வீட்டில் வேறு யாரையாவது கூப்பிட்டு முகரச் சொல்லுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை.

ஸ்கங்க் கிடந்த இடத்தைக் கடந்து மட்டும்தான் வந்தீர்களா? ஜன்னல்களை இறக்கி, ஃபேனை முழு வேகத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். பெரும்பாலும் அதிலேயே போய்விடும், மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

படி 2: வெளிப்புறமும் அடிப்பக்கமும்

எஞ்சின் நன்றாக ஆறட்டும். கையுறை கட்டாயம். ஸ்கங்க் ரேபிஸ் பரப்பும் விலங்கு, எனவே ஒட்டியிருக்கும் சதையையோ முடியையோ வெறும் கையால் தொடாதீர்கள். முதலில் சோப்புத் தண்ணீரும் ஹோஸ் பைப்பும். டயர் பள்ளங்கள், சக்கரத்துக்கு மேலே வளைவாக இருக்கும் பிளாஸ்டிக் உறை, பம்பரின் கீழ் விளிம்பு, வண்டியின் அடிப்பாகம் என்று எண்ணெய்ப் பசை போகத் தேயுங்கள். அந்தப் பிளாஸ்டிக் உறையின் மடிப்புகளை எல்லோரும் விட்டுவிடுவார்கள். என் காரில் குற்றவாளி அங்கேதான் இருந்தது.

அடுத்துதான் உண்மையான மருந்து. பால் கிரேபாம் என்ற வேதியியலாளரின் கலவை இது, 1993 இல் வெளிவந்தது:

- 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு: ஏறக்குறைய 1 லிட்டர்
- பேக்கிங் சோடா: கால் கப்
- பாத்திரம் தேய்க்கும் லிக்விட்: 1 அல்லது 2 டீஸ்பூன்

சோப்பு எண்ணெயைப் பிரித்தெடுக்கும். பெராக்சைடும் சோடாவும் சேர்ந்து தயோலை நாற்றமில்லாத சேர்மமாக மாற்றிவிடும். திறந்த வாளியில் கலந்து, நுரைக்கும்போதே பயன்படுத்துங்கள். மீந்ததைப் பாட்டிலில் மூடி வைக்கவே கூடாது. ஆக்சிஜன் வெளியேறிக்கொண்டே இருப்பதால் பாட்டில் வெடித்துவிடும். இரண்டு நாளுக்குச் சேர்த்துக் கலந்துகொள்ளலாம் என்ற சாமர்த்தியம் இங்கே எடுபடாது.

ஸ்பாஞ்சால் டயரிலும் பிளாஸ்டிக் உறையிலும் பூசி, ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். பெயின்ட் மேல் காயவிடாதீர்கள். ஒயர் இணைப்புகள் பக்கம் போகவே வேண்டாம். கழுவி முடித்ததும் மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து உலர்த்துங்கள். ஈரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது.

படி 3: காற்று வரும் வழி

வெளிக்காற்று முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள துளைகள் வழியாக உள்ளே வருகிறது. அந்த இடத்தைத் துடையுங்கள். காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழுவ முயலாதீர்கள், புதிதாக மாற்றுங்கள். பல கார்களில் அது டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே கழற்றலாம். கரி கலந்த ஃபில்டர் கிடைத்தால் அதையே போடுங்கள். பின்பு உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, ஃபேனை அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

படி 4: உட்புறம்

என்ன மோதியது என்று இறங்கிப் பார்த்தீர்களா? அப்படியானால் உங்கள் செருப்பைச் சந்தேகியுங்கள். அடிப்பகுதியில் ஒட்டிய எண்ணெய் கால்மிதிக்கும் பெடலுக்கும் போயிருக்கும். ரப்பர் கால்மிதியை வெளியே எடுத்து மேலே சொன்ன கலவையாலேயே கழுவலாம். துணி சீட்டிலும் கார்ப்பெட்டிலும் மட்டும் நிதானம் வேண்டும், பெராக்சைடு சாயத்தை வெளுத்துவிடும். கண்ணில் படாத ஓரத்தில் ஒரு துளி வைத்துச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். தோல் சீட்டுக்கும் சீட் பெல்ட்டுக்கும் இந்தக் கலவையே வேண்டாம், மென்மையான சோப்புத் தண்ணீர் போதும்.

ஈரம் நன்றாகக் காய்ந்தபின் கார்ப்பெட்டில் பேக்கிங் சோடா தூவி, ஓர் இரவு விட்டு, வேக்குவம் செய்யுங்கள். மிச்சம் மீதிக்கு ஆக்டிவேட்டட் கரிப் பைகளைச் சீட்டுக்கு அடியில் சில நாள் வைக்கலாம்.

செய்யக் கூடாதவை

தக்காளிச் சாறு வீண். மூக்கு ஸ்கங்க் நாற்றத்துக்குப் பழகிப்போய்த் தக்காளி வாசம் மட்டும் தெரிவதைத்தான் "போய்விட்டது" என்று நம்புகிறார்கள். பிளீச் துணியைக் கெடுக்கும். அதோடு வினிகரோ அமோனியாவோ சேர்ந்தால் நச்சு வாயு வரும். ஓசோன் மெஷின் ரப்பரைப் பாழாக்கும், நுரையீரலுக்கும் கேடு. மற்ற எல்லாம் தோற்றால்தான் அதைத் தொட வேண்டும், அதுவும் தொழில் தெரிந்தவர் கையால்.

திறந்த ஜன்னல் வழியாக உயிருள்ள ஸ்கங்க் நேராக உள்ளேயே பீய்ச்சியிருந்தால் கதை வேறு. திரவம் கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்ச் வரை இறங்கியிருக்கும். சீட்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அதைக் காரை உள்ளும் புறமும் முழுதாகச் சுத்தம் செய்து தரும் டீட்டெய்லிங் கடையில் விட்டுவிடுவதே மேல்.

மற்றபடி, அடுத்த மழையில் லேசாக நெடி திரும்பி வந்தால் பயந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்காதீர்கள். எந்தச் சக்கரத்தருகே வருகிறது என்று முகர்ந்து பார்த்து, அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் புதிதாகக் கலவை கலந்து பூசுங்கள். எனக்கு மூன்றாவது முறையில்தான் போனது.