தொலைநிலை மாணவர்களுக்கு ஒரு பாவனை மென்பொருள் அலுவலகம் அமைப்பது எப்படி?

தொலைநிலைக் கல்வியில் நிரலாக்கம் படிப்பவர்களுக்கு, பிறர் எழுதிய நிரலைத் திருத்துவதும் அரைகுறையாக வரும் கோரிக்கையைப் புரிந்துகொள்வதும் பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் பழக்கமாகின்றன. அந்தப் பழக்கத்தைப் படிக்கும்போதே தருவதற்கு, நான்கைந்து மாணவர்கள் கொண்ட குழுவை வைத்து ஆசிரியர் ஒரு பாவனை அலுவலகத்தை நடத்தலாம்.

படி 1: ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் பிழையுள்ள ஒரு சிறு நிரலை, நிரல்களைச் சேமித்துக் குழுவாகத் திருத்த உதவும் கிட்ஹப் தளத்தில் ஏற்றுங்கள். நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுக்கும் மென்பொருள் போதும். வெற்றுக் கோப்பில் தொடங்கினால் அது வீட்டுப்பாடமாகிவிடும்.

படி 2: வாடிக்கையாளராக நீங்களே மாறுங்கள். இதுவே முக்கியமான படி. "அபராதம் தப்பாகக் காட்டுகிறது, உடனே சரிசெய்யவும்" என்று மட்டும் எழுதி, கிட்ஹப்பில் ஓர் இஷ்யூவை, அதாவது பிழையைப் பதியும் குறிப்பை, திறங்கள். புத்தகம் திரும்பிய தேதியைப் பார்க்காமல், தவணை முடிந்த நாளிலிருந்து இன்றுவரை நிரல் கணக்கிடுகிறது என்பதே உண்மையான பிழை. அதை நீங்கள் சொல்லக் கூடாது. "நேற்று எவ்வளவு காட்டியது, இன்று எவ்வளவு காட்டுகிறது?" என்று கேட்கும் மாணவர் பாதி வழியைக் கடந்துவிட்டார். நல்ல கேள்விக்கும் மதிப்பெண் உண்டு என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கூச்சத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

படி 3: மெயின் கிளையில், அதாவது நிரலின் முதன்மைப் பிரதியில், யாரும் நேரடியாக எழுத முடியாதபடி பூட்டுங்கள். கிட்ஹப்பின் இலவசக் கணக்கில் இந்த வசதி யாரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியங்களுக்கே (நிரல் சேமிப்பிடங்களுக்கே) கிடைக்கும் என்பதால், மாணவர்களின் சொந்த விவரங்கள் எதையும் அதில் வைக்காதீர்கள். ஒவ்வொரு திருத்தமும் தனிக் கிளையில் எழுதப்பட்டு, புல் ரிக்வெஸ்டாக (மெயின் கிளையில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையாக) வந்து, சக மாணவர் ஒருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே சேர வேண்டும்.

படி 4: மென்பொருள் குழுக்கள் வேலையைச் சிறு கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையில் தினமும் 15 நிமிடத்துக்கு மேற்படாத கூட்டம் ஒன்று உண்டு. பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் படிப்பவர்களை அப்படி ஒரே நேரத்தில் கூட்டுவது நடவாத காரியம். செய்தது, செய்யப்போவது, தடையாக இருப்பது ஆகிய மூன்றையும் எழுத்தில் பதியச் சொன்னால் போதும்.

படி 5: பாதி வழியில் கோரிக்கையை மாற்றுங்கள்: விடுமுறை நாள்களுக்கு அபராதம் கூடாது என்று நூலகர் இப்போதுதான் சொல்கிறார். முணுமுணுப்பு எழத்தான் செய்யும்.

மதிப்பிடும்போது முடிவை மட்டும் பார்க்காமல், யார், எப்போது, எதை மாற்றினார் என்று காட்டும் கிட் வரலாற்றையும் மாணவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய மறுஆய்வுக் குறிப்புகளையும் படியுங்கள். வெறுமனே "நன்று" என்று எழுதி ஒப்புதல் தந்தவருக்கு, அந்தத் திருத்தத்தை விளக்கச் சொல்லி அன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்.